ஒரு டயப்பர் எவ்வளவு தாங்கும்?

ராத்திரி ஒரு கிண்ணத்தில் இரண்டு துண்டு பாதாம் பிசினைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால், விடிவதற்குள் கிண்ணம் கொள்ளாமல் உப்பிக் கிடக்கும். மதுரைக்காரர்கள் அதை ஜிகர்தண்டாவில் போடுவார்கள். குழந்தையின் டயப்பருக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரு ராத்திரி ஆவதற்குப் பதில் அங்கே ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது.

சந்தேகம் இருப்பவர்கள் புது டயப்பர் ஒன்றைக் கத்தரிக்கோலால் பிளந்து பார்க்கலாம். உள்ளே இருக்கும் பஞ்சைப் பிய்த்து ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு உதறினால், அடியில் பொடித்த கல்லுப்பு போல வெள்ளைத் துகள் சேரும். அதில் ஒரு டீஸ்பூன் எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கொஞ்சம் பொறுத்து டம்ளரைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. கெட்டித் தயிர் மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கும். இனி அதன் மேல் ஒரு ஸ்பூன் உப்பைத் தூவிக் கிளறினால் கெட்டி இளகிவிடும். கண்ணெதிரே தண்ணீர் பிரிந்து வரும். டயப்பரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த ஒரு ஸ்பூன் உப்பில் இருக்கிறது.

துகளின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். நூல்கண்டு போலச் சுருண்ட நீண்ட சங்கிலி மூலக்கூறு. அங்கங்கே ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டதும் சங்கிலியில் ஒட்டியிருக்கும் சோடியம் அயனிகள் பிடி தளர்கின்றன. எதிர்மின்னேற்றத்தோடு மிஞ்சும் சங்கிலியின் பகுதிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரிகின்றன. உள்ளே சோடியம் அதிகம், வெளியே குறைவு என்பதால் அதைச் சமன் செய்யத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. முடிச்சுகள் இல்லாவிட்டால் துகள் கரைந்தே போயிருக்கும்; அவை இருப்பதால் உப்பிக்கொண்டு மட்டும் நிற்கிறது. வெளியே இருக்கும் தண்ணீரிலேயே உப்பு இருந்தால்? உள்ளே இழுக்கும் வேகம் குறைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் தன் எடையைப்போல் சில நூறு மடங்கு குடிக்கும் இந்தத் துகள், 0.9 சதவீத உப்புநீரில் சுமார் 30 முதல் 60 மடங்கோடு நின்றுவிடுகிறது. மூத்திரம் உப்புநீர்தான்.

அதோடு முடியவில்லை. தவழாத குழந்தை படுத்தே இருக்கும். உட்காரப் பழகிய குழந்தை தன் எடை முழுவதையும் டயப்பர் மேல் இறக்கும். அழுத்தத்துக்கு அடியில் துகளால் முழுதாக விரிய முடியாது. அதனால்தான் ஆய்வகங்களில் வெறும் உறிஞ்சுதிறனை மட்டும் அளப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு 0.3 பவுண்டு, 0.7 பவுண்டு எனப் பாரம் வைத்தும் அளக்கிறார்கள். வீட்டுச் சமையலறையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி “அரை லிட்டர் குடிக்குதே!” என்று வியப்பதற்கும், எட்டு கிலோக் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது நடப்பதற்கும் தூரம் அதிகம். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரை ஊற்றிச் சோதிப்பவர்கள், தெரியாமலேயே கொஞ்சம் நியாயமான சோதனையைச் செய்கிறார்கள் என்று சொல்லலாம். கடினநீரில் இருக்கும் கால்சியம் உப்பைவிடவும் இந்தத் துகளின் வாயைக் கட்டும்.

இந்தத் துகளுக்கும் டயப்பருக்கும் கல்யாணம் ஆகப் பல வருஷம் பிடித்தது. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் பியோரியா நகரம் இந்தக் கதையில் இரண்டு முறை தலைகாட்டுகிறது. புரொக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் ரசாயனப் பொறியாளர் விக்டர் மில்ஸ், பேரக்குழந்தையின் துணிகளை அலசி அலுத்துப்போனவர். துணிக்குப் பதிலாக ஒருமுறை கட்டித் தூக்கிப்போடும் ஒன்றைச் செய்யும்படி தன் குழுவைப் பணித்தார். முதல் மாதிரியை டெக்சஸின் டாலஸ் நகரில் கோடைக் காலத்தில் கொடுத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் ஜட்டிக்குள் செருகும் பஞ்சுப் பட்டை அது. அந்த வெயிலில் குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். திருத்திய வடிவம் 1961 டிசம்பரில் பியோரியாவில் ‘பேம்பர்ஸ்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஒன்று 10 சென்ட் என்ற விலையைப் பார்த்துவிட்டுத் தாய்மார்கள் திரும்பிப் போனார்கள். விலையைக் குறைத்த பிறகுதான் பிழைத்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும் “பேம்பர்ஸ் குடுங்க” என்றே கேட்கிறோம்.

ஆனால் அந்த முதல் பேம்பர்ஸுக்குள் இருந்தது மரக்கூழ்ப் பஞ்சு மட்டும். அதே பியோரியாவில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகம் ஒன்று சோள மாவுச்சத்தை வைத்து வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வறண்ட நிலத்தில் ஈரத்தைப் பிடித்துவைக்க என்ன வழி என்பது அவர்கள் கவலை. அங்கே பிறந்த ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடித்தது. தனியார் கம்பெனிகளில் கார்லைல் ஹார்மனும் பில்லி ஜீன் ஹார்ப்பரும் 1960களின் நடுவிலேயே உறிஞ்சும் பாலிமரை டயப்பருக்குள் வைக்கும் யோசனைக்குத் தனித்தனியே காப்புரிமை கேட்டிருந்தார்கள். கடைச் சரக்காக அதைக் கொண்டுவந்ததில் முந்திக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள், 1980களின் தொடக்கத்தில். அமெரிக்காவில் ‘அல்ட்ரா பேம்பர்ஸ்’ 1986-ல் பரவலாக வந்தது. தலையணை போல இருந்த டயப்பர் கைக்குட்டை போல மெலிந்தது அதற்குப் பிறகுதான்.

பஞ்சுக்கும் துகளுக்கும் உள்ள வித்தியாசம் தடிமனில் மட்டும் இல்லை. பழைய வேட்டித் துணியோ மரக்கூழோ தண்ணீரை இழைகளின் இடுக்கில்தான் பிடித்துவைக்கிறது. அழுத்தினால் விட்டுவிடும், அதனால்தான் துணியைப் பிழிய முடிகிறது. பாலிமர் துகள் தண்ணீரைத் தனக்குள் பூட்டிக்கொள்கிறது. பிழிந்தாலும் லேசில் விடாது. குழந்தை அதன் மேல் உட்கார்ந்தாலும் ஈரம் திரும்பித் தோலுக்கு வராமல் இருப்பது இதனால்தான். இப்படித் திரும்பி வரும் ஈரத்தை அளப்பதற்கென்றே தனிச் சோதனை உண்டு. எவ்வளவு குடிக்கிறது என்பதைவிட எவ்வளவு திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் நல்ல டயப்பரைக் காட்டிக்கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆரோக்கியமான கைக்குழந்தை கிலோவுக்கு மணிக்கு சுமார் 1 முதல் 2 மி.லி. மூத்திரம் போகும். எட்டு கிலோக் குழந்தைக்கு மணிக்கு 8 முதல் 16. பத்து மணி நேர ராத்திரிக்கு 80 முதல் 160 மி.லி. டயப்பருக்குள் பத்து கிராம் துகள் இருந்து, அது 30 மடங்கு பிடித்தால் 300 மி.லி. பஞ்சு பிடிப்பது தனி. ஆக, பொதியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘12 மணி நேரம்’ பொய்க் கணக்கு அல்ல.

பிறகு ஏன் ராத்திரி இரண்டு மணிக்கு மெத்தை நனைகிறது?

மூத்திரம் மணிக்கு 16 மி.லி. என்று சொட்டுச் சொட்டாக வருவதில்லை. ஒரு வீச்சில், சில விநாடிகளுக்குள், 30 மி.லி.யோ 50 மி.லி.யோ ஒரே இடத்தில் பாய்கிறது. துகள் உப்ப அதைவிட நேரம் பிடிக்கும். இடைப்பட்ட நேரத்தில் வெள்ளத்தைத் தாங்கிப் பரப்பிவிடுவதற்காக மேல்விரிப்புக்குக் கீழே ஒரு மெல்லிய இடைப்படலம் வைத்திருப்பார்கள். ஏரிக்கு முன்னால் வாய்க்கால் மாதிரி. மலிவான டயப்பரில் கஞ்சத்தனம் செய்யும் இடம் பெரும்பாலும் இதுதான். துகள்களே ஒன்றோடொன்று நெருக்கியடித்து உப்பினால் மேலே ஒரு கெட்டிப் படலம் உருவாகி, அடியில் இருக்கும் காய்ந்த துகளுக்குத் தண்ணீர் போகாமல் மறித்துவிடும். அந்த நிலையில் பாதி டயப்பர் காய்ந்திருக்கும்போதே ஓரம் வழியாக ஒழுகும்.

மற்ற காரணங்கள் இன்னும் சாதாரணம். தொடையைச் சுற்றி இருக்கும் சுருக்கு மடிப்பு உள்பக்கம் மடங்கிப் போயிருக்கும். கட்டும்போது விரலை விட்டு ஒரு சுற்று வெளியே எடுத்துவிடப் பலருக்குத் தெரியாது. குழந்தை ஒருக்களித்துத் தூங்கும். ஆண் குழந்தையின் குறி மேல்நோக்கி இருந்தால் இடுப்பு வழியே ஊற்றும். குழந்தை வளர்ந்திருக்கும், வாங்கி அடுக்கியது பழைய சைஸ். ஒழுகினால் டயப்பர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. நிறையாத டயப்பர் ஒழுகும், நிறைந்த டயப்பர் ஒழுகாமலும் இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்க ஆசைப்படுபவர்களுக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை டீஸ்பூன் உப்பு, அதாவது 9 கிராம். அதிலிருந்து 50 மி.லி.யை ஒரே இடத்தில் ஊற்ற வேண்டும். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு 50, பிறகு இன்னொன்று. மூன்றாவதற்குப் பின் நான்கைந்து டிஷ்யூ தாளை மடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே ஒரு கிலோ அரிசிப் பையை ஏற்றிவைத்துப் பார்த்தால், தாள் எவ்வளவு நனைந்தது என்பது கண்ணுக்கே தெரியும். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஒருமுறை பயன்படுத்தும் டயப்பருக்கென்றே ஐ.எஸ். 17509 என்ற தரவிதியை 2021-ல் வெளியிட்டிருக்கிறது. ஆனால் கடையில் நிற்கும் அப்பாவின் கைக்குக் கிடைப்பது மணிக்கணக்கு விளம்பரம் மட்டுமே.

இனி மாற்றும் நேரம். இங்கே டயப்பரின் கொள்ளளவை ஒதுக்கிவைத்துவிட்டுக் குழந்தையின் தோலைப் பார்க்க வேண்டும். டயப்பர் தாங்கும் நேரம் வேறு, தோல் தாங்கும் நேரம் வேறு. பொதிமேல் அச்சடிப்பது முதலாவதை.

புட்டம் சிவந்து புண்ணாவதற்கு அம்மோனியாதான் காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1921-ல் மூத்திரத்தை அம்மோனியாவாக மாற்றும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்ததும் அந்த நம்பிக்கை உறுதிப்பட்டது. காலையில் நனைந்த துணியை அவிழ்க்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடியும் அதற்குச் சாட்சி சொன்னது. 1970களிலும் 80களிலும் நடந்த ஆய்வுகள் கதையை மாற்றின. காயமில்லாத தோலில் அம்மோனியா மட்டும் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஈரத்தில் ஊறிய தோல், நாள்பூராத் தண்ணீரில் நின்றவர் பாதம் மாதிரி, மெத்தென்று ஆகி உரசலுக்குத் தாங்காமல் போகிறது. மலத்தில் இருக்கும் நொதி மூத்திரத்தில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அதனால் அந்த இடத்தின் அமிலத்தன்மை குறைகிறது. அப்போது மலத்திலேயே இருக்கும், புரதத்தையும் கொழுப்பையும் செரிக்க வைக்கும் நொதிகளுக்குத் தெம்பு வந்து, அவை தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. ஆக, கெடுதல் மூத்திரமும் மலமும் சேரும் இடத்தில்தான் அதிகம்.

துகளால் மூத்திரத்தைப் பூட்டிவைக்க முடியும். மலத்தைப் பூட்டிவைக்க முடியாது. எனவே முதல் விதி கடிகாரம் பார்க்காதது: மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும், போட்டு ஐந்து நிமிஷமே ஆகியிருந்தாலும், டயப்பர் விலை எவ்வளவாக இருந்தாலும். “இப்பத்தானே புதுசு போட்டேன்” என்ற அங்கலாய்ப்பு எல்லா வீட்டிலும் கேட்பதுதான். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களிலும், ஆன்ட்டிபயாட்டிக் மருந்து கொடுக்கும் நாட்களிலும் இந்த விதியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தோலுக்குக் கொஞ்சம் கருணை காட்டும். பவுடர் பால், திட உணவு தொடங்கிய பிறகு அந்தச் சலுகை குறைகிறது.

வெறும் மூத்திரம் என்றால் கெடுபிடி தளர்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பச்சிளங்குழந்தைக்கு நாளைக்கு 10, 12 முறைகூட மாற்ற நேரலாம் என்கிறது. வளர்ந்த கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 முதல் 8 முறை. அதாவது மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்தியாவில் நிறைய வீடுகளில் டயப்பர் என்பது ராத்திரிக்கும், ஆஸ்பத்திரிக்கும், கல்யாணத்துக்கும் போகும்போது போடுவது; பகலில் துணியோ வெறும் இடுப்போதான். தோலைப் பொறுத்தவரை இது மோசமான ஏற்பாடு இல்லை. சிக்கல் வருவது, கல்யாணத்துக்காகக் காலை ஆறு மணிக்குப் போட்டதை மத்தியானப் பந்தி முடிந்தும் கழற்றாமல் இருக்கும்போது. மண்டபத்துப் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்துகொள்ளும்.

ராத்திரியில் ஈரத்துக்காக மட்டும் தூங்கும் குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை; படுக்கப் போடும் முன் புதிதாக மாற்றினால் போதும். மலம் போயிருந்தாலோ தோல் ஏற்கெனவே சிவந்திருந்தாலோ மட்டும் எழுப்பலாம்.

டயப்பரின் நடுவே ஓடும் மஞ்சள் கோட்டை நம்பலாமா? அது புரோமோஃபீனால் ப்ளூ என்ற சாயம். அமிலப் பசையோடு கலந்திருக்கும்போது மஞ்சள், மூத்திரம் பட்டு அமிலத்தன்மை குறைந்ததும் நீலம். ஈரம் பட்டதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. முதல் சொட்டிலேயே நீலமாகிவிடும் கோட்டைப் பார்த்து உடனுக்குடன் கழற்றி எறிந்தால் பாதிக் காசு குப்பைக்குப் போகும். கையால் தூக்கிப் பார்ப்பது மேல். முன்பக்கம் கனத்து, தொட்டால் கொழகொழவென்று தொங்கினால் நேரம் தாண்டிவிட்டது. ரொம்பவும் தாண்டினால் மேல்விரிப்பு கிழிந்து ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி மணிகள் குழந்தையின் தொடையில் ஒட்டியிருக்கும். பதற வேண்டாம், அது விஷம் இல்லை, துடைத்தால் போதும்.

நன்றாக உறிஞ்சும் டயப்பரால் ஒரு சங்கடமும் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் பால் போதுமா என்பதைத் தாய்க்குச் சொல்வது குழந்தை எத்தனை முறை நனைத்தது என்ற எண்ணிக்கைதான். ஐந்தாறு நாள் ஆனபின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நனைக்க வேண்டும். துணி கட்டிய காலத்தில் இது தானாகத் தெரிந்தது. பச்சிளங்குழந்தையின் 15, 20 மி.லி.யை இன்றைய டயப்பர் சுவடே இல்லாமல் விழுங்கிவிடும். உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ வைத்தால் நனைந்தது தெரியும். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செவிலியர்கள் இன்னும் சுத்தமாகச் செய்கிறார்கள்: கழற்றிய டயப்பரைத் தராசில் வைத்து, புது டயப்பரின் எடையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று எழுதிக்கொள்கிறார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வரும் நாட்களில் சமையலறைத் தராசே வீட்டுக்குப் போதும். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஈரமே இல்லை என்றால் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. முதல் ஓரிரு நாளில் டயப்பரில் செங்கல்பொடி நிறக் கறை தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்தம் அல்ல, யூரேட் படிகம். பால் நன்றாக இறங்கியதும் மறைந்துவிடும். மறையாவிட்டால் பால் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

சிவந்த பிறகு என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஒரு கை வைத்தியம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பாயில் கொஞ்ச நேரம் வெறும் உடம்போடு போட்டுவைப்பதை யாரும் மறுப்பதில்லை. ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தாராளமாகப் பூசலாம். தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே அது சுவர். பவுடர் கொட்டுவதை மட்டும் விட்டுவிட வேண்டும்; மூச்சோடு நுரையீரலுக்குப் போகும் என்பதால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே வேண்டாம் என்கிறது. சிவப்பு தொடை இடுக்குகளுக்குள்ளும் இறங்கி, சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரிந்தால் அது ஈரப்புண் அல்ல, பெரும்பாலும் காண்டிடா பூஞ்சை. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

துணியா டயப்பரா என்ற பழைய சண்டையில் விஞ்ஞானம் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை. புண் தடுப்பில் எது மேல் என்று கிடைத்த பரிசோதனைகளையெல்லாம் அலசிய காக்ரேன் மதிப்பாய்வு 2006-ல், எந்தப் பக்கமும் சொல்லத் தரமான ஆதாரம் போதாது என்றது. பாலிமர் வந்தபின் புண் குறைந்ததாகச் சொல்லும் பல சோதனைகள் கம்பெனிகளே நடத்தியவை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். “பேம்பர்ஸ் போட்டா கால் வளைஞ்சிடும்” என்று பாட்டி சொல்வதில் உண்மை இல்லை. இரண்டு வயதுவரை குழந்தையின் கால் இயல்பாகவே வளைந்துதான் இருக்கும். ஆனால் நடையைப் பற்றி அவர் பாதி சரி. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 13 மாத, 19 மாதக் குழந்தைகள் 60 பேரை நடக்கவிட்டுப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், வெறும் உடம்போடு நடந்தபோதுதான் நடை சீராக இருந்தது. டயப்பர் போட்டதும் தடுமாற்றம் கூடியது. அதில் தடித்த துணி நாப்பி மெல்லிய டயப்பரைவிடவும் மோசம். பாட்டிக்கு இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

கழற்றியதை என்ன செய்வது என்பதற்கு 2016-ன் திடக்கழிவு விதிகள் வழி சொல்லியிருந்தன: கம்பெனி தரும் உறையிலோ பழைய செய்தித்தாளிலோ இறுக்கிச் சுற்றி, மக்காத குப்பையோடு போட வேண்டும் என்று. அவசரத்தில் சிலர் உள்ளே இருக்கும் பஞ்சை மட்டும் பிய்த்துக் கழிவறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிடுகிறார்கள். டயப்பருக்குள் உப்பு மூத்திரத்தில் 30 மடங்கோடு அடங்கியிருந்த துகளுக்குக் குழாய்க்குள் உப்பில்லாத தண்ணீர் கிடைக்கிறது. அங்கே மறுபடியும் உப்ப ஆரம்பிக்கிறது. மறுநாள் பிளம்பர் நீளக் கம்பியை விட்டுக் குடையும்போது, பாதாம் பிசின் மாதிரி கட்டி கட்டியாக அதுதான் வெளியே வரும்.